ஊரை விட்டுப் போகும் ரயில்: பாரதிராஜா படங்களை முன்வைத்து

பாரதிராஜாவைப் பற்றி நம்மிடையே மூன்று பேச்சுகள் புழங்குகின்றன. ஸ்டுடியோச் சுவர்களை இடித்துக்கொண்டு தமிழ்ச் சினிமாவைக் கிராமத்துக்கு இழுத்துப் போனவர், மண்ணின் கலைஞர் என்பது ஒன்று. இது மேடைப் பேச்சு. சாதிப் பெருமிதத்துக்குக் கேமராவால் சாமரம் வீசியவர், எனவே ஒதுக்கிவைக்க வேண்டியவர் என்பது இரண்டாவது. இது நம் கூட்டங்களில், கூட்டம் முடிந்து டீக்கடையில் நாம் பேசுவது. முதல் ஐந்தாறு படங்கள் தங்கம், அப்புறம் எல்லாம் தகரம் என்பது மூன்றாவது, சினிமா ரசிகர்களுடையது. மூன்றுமே வசதியான பேச்சுகள். எதில் போய் உட்கார்ந்துகொண்டாலும் அதற்குப் பிறகு படங்களைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

எனக்கு இந்த மூன்று திண்ணையிலும் இருப்புக் கொள்ளவில்லை. 1977இன் '16 வயதினிலே' தொடங்கி 2020இன் 'மீண்டும் ஒரு மரியாதை' வரை நீளும் இப்படங்களில் சிலவற்றைப் பத்துத் தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன். சிலவற்றை இடைவேளைக்கு மேல் தாங்க முடியவில்லை. இன்னும் சில உண்டு: பார்த்து அழுது, கண்ணைத் துடைக்கிறபோதே கோபம் வருகிற படங்கள். இந்தக் கடைசி வகைதான் பிரச்சினை. நல்ல படம், மோசமான படம் என்று இரண்டு கட்டாகப் பிரித்து அடுக்கிவிடலாம். ஒரே படத்துக்குள், சில சமயம் ஒரே ஷாட்டுக்குள் இரண்டும் கிடந்தால் என்ன செய்வது?

1977இல் நடந்ததை நேர்மையாகச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அதுவரை நம் கதாநாயகன் ரிக்‌ஷா ஓட்டினாலும் மாடு மேய்த்தாலும் வறுமை அவன் உடம்பில் ஏறியதில்லை. சட்டையில் ஒட்டுப் போட்டிருக்கும், அவ்வளவுதான். கோவணம் கட்டி, காலை இழுத்து நடந்து, ஊரார் ஏவிய வேலைக்கெல்லாம் ஓடுகிற சப்பாணி வந்தபோது நாயக உடல் என்கிற கட்டமைப்பே குலைந்தது. 'அன்னக்கிளி' 1976இலேயே கிராமத்தைக் கொண்டுவந்துவிட்டது என்பார்கள். சரிதான், வெளிப்புறப் படப்பிடிப்பும் புதிதல்ல. ஆனால் நிவாஸின் கேமராவில் வெயில் வெயிலாக விழுந்தது. கலைமணி எழுத, காந்திமதி வாயில் வந்த குருவம்மாவின் ஏச்சும் பேச்சும் தமிழ்ச் சினிமாவின் வசனத் தமிழை ஒரே நாளில் பழசாக்கின. வட்டார வழக்கை இலக்கியத்தில் ஏற்றுக்கொள்ளலாமா என்று புலவர்கள் வகுப்பறையில் தயங்கிக்கொண்டிருந்த காலத்தில், டிக்கெட் வாங்கிப் போன சனம் அதைக் கொட்டகையில் கைதட்டி ஏற்றுக்கொண்டுவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, அது பெரிய காரியம்.

அந்தத் 'தமிழ் மண்' பெரும்பாலும் கர்நாடகத்தில், மைசூர், கொள்ளேகால் பக்கத்தில் படமாக்கப்பட்டது. கன்னடத்தின் புட்டண்ணா கனகலிடம் உதவி இயக்குநராக இருந்தவர் பாரதிராஜா என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. 'மண்' என்பது போய் எடுத்துவருகிற பொருள் இல்லை, சட்டகம் சட்டகமாகக் கட்டப்படுகிற ஒன்று என்பதற்காகச் சொல்கிறேன். கட்டப்படுவது என்றால், கட்டும்போது எது உள்ளே வந்தது, எது வெளியே நின்றது என்று கேட்கலாம்.

இங்கே அந்தக் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். படத் தொடக்கத்தில் திரையில் தோன்றியோ தோன்றாமலோ 'என் இனிய தமிழ் மக்களே' என்று அழைக்கிற, கரகரத்த, கொஞ்சம் தழுதழுத்த குரல். அல்தூஸர் சொல்வாரே, தெருவில் போகிறவனைப் போலீஸ்காரர் 'ஏய்' என்று கூப்பிட, திரும்பிப் பார்க்கிற அந்தக் கணத்திலேயே அவன் ஒரு தன்னிலையாகிவிடுகிறான் என்று. இந்தக் குரல் அதட்டவில்லை, கொஞ்சுகிறது. ஆனாலும் வேலை அதுதான். கொட்டகை இருட்டில் பல தெருக்காரர்களும் ஒரே நேரத்தில் திரும்பி, தாங்கள் ஒரே 'தமிழ் மக்கள்' என்று நம்பிக்கொள்கிறார்கள். நானும்தான் திரும்பினேன். படம் ஓடத் தொடங்கியதும் திரையில் வருகிற ஊரில் என் தெரு இல்லை. கோயில் இருக்கிறது, மந்தை இருக்கிறது, ஆலமரத்தடிப் பஞ்சாயத்து இருக்கிறது, கண்மாய்க் கரை இருக்கிறது. கண்மாய்க்கு அந்தப் பக்கம் கேமரா திரும்புவதில்லை. நம் மொழியில் 'ஊர்' என்ற சொல்லுக்கே 'சேரி அல்லாதது' என்று ஒரு பொருள் உண்டு. பாரதிராஜாவின் கிராமம் பெரும்பாலும் இந்தப் பொருளிலான ஊர்தான்.

இப்படிச் சொன்னதும் 'அப்ப அவரு படம் எல்லாமே சாதிப் படமா' என்று கேட்டு நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். அவ்வளவு எளிதில் முடிகிற விஷயமாக இருந்தால் இந்தக் கட்டுரை தேவைப்படாது. தொடக்கக் காலப் படங்களில் இந்த ஊர் கொண்டாடப்படவில்லை என்பதை கவனிக்க வேண்டும். அங்கே ஊர் என்பது அலர் தூற்றுகிற வாய், துரத்துகிற கூட்டம். அகப்பாடல்களில் வரும் ஊர் இதுதான். 'கிழக்கே போகும் ரயில்' (1978) பார்க்கிறபோது எனக்கு உடன்போக்குத் துறை நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. நாவிதரின் மகன் பரஞ்சோதி, கவிதை எழுதுகிறவன். பாஞ்சாலி அவனை விரும்புகிறாள். போகிற ரயிலின் கடைசிப் பெட்டியில் எழுதிச் சேதி அனுப்புகிறார்கள். இயற்கையின் சீற்றம் தணிய ஒரு கன்னிப்பெண் நிர்வாணமாக ஊரைச் சுற்றி வரவேண்டும் என்று ஊர் முடிவு செய்கிறது. அந்தப் பெண்ணாகப் பாஞ்சாலி குறிக்கப்படுகிறாள். இருவரும் ஓடுகிறார்கள், ஊர் பின்னால் ஓடிவருகிறது, ரயில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. ஊரின் பக்தியும் ஒழுக்கமும் ஒரு பெண்ணுடலை உரித்துத்தான் தங்களைக் காத்துக்கொள்ளும் என்பதை இவ்வளவு பட்டவர்த்தனமாக வெகுசன சினிமா அதற்கு முன் சொன்னதாகத் தெரியவில்லை. 'அலைகள் ஓய்வதில்லை'யிலும் (1981) பூணூலையும் சிலுவையையும் கழற்றி எறிந்துவிட்டு அந்த இரண்டு பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகிறார்கள்.

ஆனால் பாருங்கள், போகிறார்கள். ஊர் அப்படியே இருக்கிறது. பரஞ்சோதி போன பிறகு அந்த ஊரில் யார் சிரைத்தார்கள்? அவன் அப்பன்தான் சிரைத்திருப்பான், வேறு யார். உடன்போக்கு தனிமனிதருக்கு விடுதலை தருகிற கதையாடல். அமைப்பைத் தொடாத கதையாடலும்கூட. சங்கப் பாடல் செவிலித்தாயைச் சுரத்திடை அனுப்பித் தேடவைத்து, அந்தத் துயரத்தையாவது பாடிற்று. சினிமாவில் ரயில் கிளம்பியதும் 'வணக்கம்' போட்டுவிடுகிறார்கள்.

ஓடிப்போக முடியாத பெண்கள் காத்திருக்கிறார்கள். '16 வயதினிலே' மயிலு ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறாள், தன்னைக் காப்பாற்றக் கொலை செய்து சிறை போன சப்பாணிக்காக. முல்லையின் இருத்தல். அவள் டீச்சராக வேண்டும் என்று கண்ட கனவு என்ன ஆயிற்று என்பது அந்தக் காத்திருப்பின் அழகில் நமக்கு மறந்துபோகிறது. 'சிகப்பு ரோஜாக்க'ளில் (1978) இது விபரீத எல்லைக்குப் போகிறது: பெண்களைக் கொன்று குவித்தவனுக்காகவும் ஒரு பெண் காத்திருக்கிறாள், கொலைகளுக்குக் காரணமாகவும் பெண்களின் 'நடத்தை'யே வைக்கப்படுகிறது. தொழில்நுட்பமாகச் சொன்னால் மிரட்டலான படம். அதன் பெண்வெறுப்பை அந்தத் தொழில்நுட்பத்திலிருந்து பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை. ஆறே வருஷத்தில் அதே மனிதர் 'புதுமைப் பெண்' (1984) எடுக்கிறார். சிறையிலிருக்கும் புருஷனை மீட்கப் பாடுபட்டவளை அவன் சந்தேகிக்க, அவள் வாசல் தாண்டிப் போய்விடுகிறாள். இது சற்றுப் பிரசங்கத் தொனி கொண்ட படம்தான், ஆனாலும் அந்த வாசல் தாண்டல் மயிலுக்கும் சேர்த்துச் செய்ததாக எனக்குப் படும்.

'முதல் மரியாதை'க்கு (1985) வருகிறேன். இந்தப் படத்தை வெறுக்க எனக்கு எல்லாக் காரணமும் இருக்கிறது, வெறுக்க முடியவில்லை. சிவாஜி கணேசன் தன் நடிப்பின் பாதியைக் கழற்றி வைத்துவிட்டு நடித்த படம். மலைச்சாமியும் குயிலும் ஆற்றங்கரையில் பேசுகிற காட்சிகளில் இருக்கிற வெட்கம், சீண்டல், வயதின் கூச்சம் இவையெல்லாம் தமிழ்ச் சினிமாவுக்கு அபூர்வம். அடியோர், வினைவலர் ஆகியோரின் காதலைத் தொல்காப்பியம் ஐந்திணைக்கு வெளியே தள்ளிவைத்தது. மூத்தவன் ஒருவனுக்கும் இளையவள் ஒருத்திக்குமான உறவைப் பொருந்தாக் காமம் என்று பெருந்திணையில் போட்டது உரை மரபு. அப்படி வெளியே கிடந்த ஓர் உறவை எடுத்து நடுவீட்டில் வைத்த படம் இது. அந்த அளவில் மரபை மீறியதுதான்.

கதையின் கணக்கைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். மலைச்சாமி ஊர்ப் பெரிய மனுஷன். குயில் பரிசல் ஓட்டிப் பிழைக்க வந்தவள், சாதிப் படிநிலையில் அவனுக்குக் கீழே. மலைச்சாமி மனைவியின் பழைய ரகசியம் ஒருவனின் உருவத்தில் ஊருக்குத் திரும்பி வருகிறது. அது வெளிப்பட்டால் மலைச்சாமியின் மானம் போகும். குயில் அவனைக் கொல்கிறாள். காரணம் சொல்லாமல் சிறைக்குப் போகிறாள். பெரிய வீட்டின் மானத்துக்குச் சின்ன வீட்டுக்காரி ஜென்மத்தைக் கொடுக்கிறாள். தலைப்பிலுள்ள மரியாதை யாருக்கு யார் செய்தது? படம் இதைத் தியாகம் என்று இசைக்கிறது, இளையராஜா வேறு இசைக்கிறார், நாம் அழாமல் என்ன செய்வோம்.

இன்னொரு கணக்கும் உண்டு. செருப்புத் தைக்கிற செங்கோடனின் மகளை மலைச்சாமியின் சொந்தக்காரப் பையன் கல்யாணம் பண்ணிக்கொள்கிறான். மலைச்சாமியே முன்நின்று நடத்திவைக்கிறார். பிறகு அந்தப் பெண் கொல்லப்படுகிறாள். கொன்றவன் மலைச்சாமியின் மருமகன் என்று துப்புக் கிடைக்கிறது. மருமகனென்றும் பாராமல் அவர் பிடித்துக் கொடுக்கிறார். நம் ஊர்களில் இப்படி ஒரு கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கோ பையனுக்கோ என்ன நேர்கிறது என்பதும், அதை யார் செய்கிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். படத்தில் அந்தச் சாவு நடக்கிறது, சாதி அதன் காரணமாக இல்லை. ஒரு தனி ஆளின் கெட்ட புத்தி காரணமாகிவிடுகிறது. கொலை செய்ததும் பெரிய வீடு, நீதி வழங்கியதும் பெரிய வீடு. மகளைப் பறிகொடுத்தவர் அழுதுகொண்டு ஓரத்தில் நிற்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் இந்தப் படம் போட்டால் எங்கள் அப்பத்தா வேலையையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்துவிடும். மலைச்சாமி சாகிற இடத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழும். ஒரு தடவை அழுது முடித்து வெற்றிலையை மடித்துக்கொண்டே சொல்லிற்று: 'மனுசன் நல்ல மனுசந்தேன். இருந்தாலும் செத்தது நம்ம புள்ளைதான?' எம்.ஏ. வகுப்பில் இரண்டு வருஷம் படித்த திறனாய்வுக் கோட்பாடுகள் இந்தப் படத்தைப் பொறுத்தவரை இதைத் தாண்டி எனக்கு எதையும் சொல்லித் தரவில்லை. அது அழுததும் உண்மை, கேட்டதும் உண்மை. ஒன்று மற்றதை அழிக்கவில்லை. அடுத்த தடவை படம் போட்டபோதும் உட்கார்ந்து அழத்தான் செய்தது.

'வேதம் புதிது' (1987) சாதி எதிர்ப்புப் படம் என்று தேசிய விருதும் வாங்கியது. நாத்திகரான பாலுத்தேவரிடம் ஓர் அக்கிரகாரத்துச் சிறுவன், பாலு உங்கள் பெயர், பின்னால் உள்ள தேவர் நீங்கள் படித்து வாங்கிய பட்டமா என்கிற பொருளில் கேட்கிறான். திரையில் யாரும் கை ஓங்கவில்லை, அறை விழுகிற ஓசை மட்டும் கேட்கிறது. ஓர் இடைநிலைச் சாதி நாயகனை அவன் சாதிப் பெயரை வைத்தே கன்னத்தில் அறைந்த படம் வேறு எது? 1987இல் அதைச் செய்யத் துணிச்சல் வேண்டும். ஆனால் கேள்வி கேட்கும் இடத்தில் யார் வைக்கப்பட்டிருக்கிறார் என்று பாருங்கள். சாதி என்பது பிராமணருக்கும் தேவருக்கும் இடையிலான விவகாரமாக வரையப்படுகிறது. தேவருக்கு ஞானம் அக்கிரகாரத்திலிருந்து வருகிறது. தேவர் என்ற அந்தப் பின்னொட்டால் அன்றாடம் அடிபடுகிறவர் அந்தக் கேள்வியைக் கேட்கும் இடம் படத்தின் கதையமைப்பிலேயே இல்லை. பிராமண எதிர்ப்புக்குள் தலித் கேள்வியைக் கரைத்துவிடுகிற நம் அரசியல் சொல்லாடலின் கச்சிதமான திரைவடிவம் அது. இந்த வகையில் பாரதிராஜாவைத் தனியே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை; கூண்டில் நாம் பலரும் நிற்க வேண்டியிருக்கும்.

தொண்ணூறுகளில் ரயில் நின்றுவிடுகிறது. 'கிழக்குச் சீமையிலே' (1993), 'பசும்பொன்' (1995) போன்ற படங்களில் யாரும் ஊரைவிட்டு ஓடுவதில்லை. ஊரிலேயே இருந்து உறவு, முறை, சீர், மானம் என்று வாழ்ந்து சாகிறார்கள். விருமாயி அண்ணனுக்கும் புருஷனுக்கும் நடுவே நின்று சாகிறாள். தாய்மாமன் சீர் கொண்டுபோகிற காட்சியின் நிறமும் அசைவும் இன்றைக்கும் கல்யாண வீடியோக்காரர்களுக்குப் பாடமாக இருக்கிறது. முன்பு விமர்சனக் கண்ணோடு ஊரைப் பார்த்த கேமரா இப்போது சடங்கின் உள்ளே நின்று மொய் எழுதுகிறது. இவ்வகைப் படங்களைப் பற்றிச் சுந்தர் காளி விரிவாக எழுதியிருக்கிறார். 'தேவர் மகன்' 1992இல் வந்துவிட்டது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து தலித் மக்களின் வீடுகளைச் சூறையாடியது. சினிமா பார்த்துத்தான் கலவரம் நடந்தது என்று சொல்கிற மடத்தனத்தை நான் செய்யவில்லை. தென்மாவட்டம் பற்றியெரிந்த அதே வருஷங்களில் திரையில் தென்மாவட்டம் பாசத்தின் விளைநிலமாக மட்டும் தெரிந்தது என்பதைப் பதிவு செய்கிறேன். 'கருத்தம்மா' (1994) பெண்சிசுக் கொலையைத் தொட்டது. தொட்டதற்காக மதிக்கலாம். ஆனால் கொல்லாமல் விடப்பட்ட மகள்தான் கடைசியில் அப்பனைப் பார்த்துக்கொள்கிறாள் என்று போகிறது வாதம். அப்படியானால் பார்த்துக்கொள்ளாத மகள்?

நகரத்துக்கு வந்தால் அவர் சறுக்குவார் என்று ஒரு பொதுக்கருத்து உண்டு. 'டிக் டிக் டிக்' (1981), 'கொடி பறக்குது' (1988) என்று ஆதாரமும் காட்டுவார்கள். அவை பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் 'நிழல்கள்' (1980) நகரத்துப் படம். 1980 தீபாவளிக்கு 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தோடு வந்து, அது ஓடியது, இது ஓடவில்லை. பாலசந்தரின் வேலையற்ற இளைஞன் எந்த நிலையிலும் பேசிக்கொண்டே இருப்பான். 'நிழல்கள்' இளைஞர்கள் சிதைந்துபோகிறார்கள். 'என் உயிர்த் தோழன்' (1990) இன்னும் முக்கியமானது. சென்னையின் குடிசைப்பகுதி. கட்சிக்காக உயிரை விடத் தயாராக இருக்கிற ஒரு தொண்டன். அந்த உயிரைக் கட்சியே எடுத்துக்கொண்டு அனுதாபமாக மாற்றிக்கொள்கிறது. சினிமாவும் கட்சியும் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஏழையின் உடம்பில் ஏறி நிற்பதைச் சினிமாவுக்குள் இருந்துகொண்டே இவ்வளவு கசப்போடு காட்டிய படம் தமிழில் மிகக் குறைவு. அது தோற்றது. அதற்கு மூன்று வருஷம் கழித்துச் சீர்வரிசைப் படம் ஜெயித்தது. சனங்கள் எதற்குக் கூட்டம் சேர்த்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் ஒருவரின் ஏற்ற இறக்கத்தை அளக்க வேண்டும். படைப்பாளியை மட்டும் பிடித்து உலுக்குவதில் பயனில்லை. கூட இருந்தவர்களும் உண்டு: நிவாஸ், கண்ணன், ஆர். செல்வராஜ், மணிவண்ணன், ரத்னகுமார், இளையராஜா, வைரமுத்து. யாருடைய எழுத்து எந்தப் படத்தை எங்கே இழுத்தது என்று ஒருவர் உட்கார்ந்து ஆராய வேண்டும்.

பாரதிராஜா கண்டுபிடித்த மொழி அவர் திரும்பிப் பார்க்காத பக்கத்திலும் போய்ச் சேர்ந்தது. செம்மண் புழுதி, விரிந்த வானம், அதன் கீழ் சின்னதாக ஓடுகிற மனிதர் என்கிற சட்டக மொழியை மாரி செல்வராஜ் எடுத்துக் கண்மாய்க்கு அந்தப் பக்கம் நின்று எழுதினார். 'பரியேறும் பெருமாள்' (2018) ஒரு நாயைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டு ரயில் ஏற்றுவதில் தொடங்குகிறது. 1978இல் பரஞ்சோதியையும் பாஞ்சாலியையும் ஏற்றிக்கொண்டு போன அதே ரயில்தான் என்று எனக்குத் தோன்றிற்று. 2013இல் தருமபுரி இளவரசனின் உடலும் 2015இல் கோகுல்ராஜின் உடலும் ரயில் தண்டவாளத்தில்தான் கிடந்தன. 'கிழக்கே போகும் ரயில்' கடைசிக் காட்சியை இப்போதும் பார்க்கிறேன். பாஞ்சாலி ஓடுகிறபோது நெஞ்சு இப்போதும் படபடக்கிறது. ஏறிவிடு, ஏறிவிடு என்றுதான் வாய் முணுமுணுக்கிறது. ரயில் நகரத் தொடங்கியதும் கண் மட்டும் அவர்களை விட்டுவிட்டுச் சக்கரத்துக்குக் கீழே போகிறது.